தூணைப் பிளப்பது யார்?

புராணங்கள் சாவதில்லை, அவற்றின் உடைமையாளர்களே காலத்துக்குக் காலம் மாறுகின்றனர். கோயில் மண்டபத்திற் பௌராணிகர் கையிலிருந்த கதை கூத்துக்களரியில் அண்ணாவியார் கைக்கு வந்தது. பின்னர் நாடகக் கொட்டகைக்கும் அங்கிருந்து பேசும்படத்துக்கும் சென்றது. இன்று அது கணினித் திரையிற் கருவுற்று, பெருமுதலின் மடியில் வளர்ந்து, உள்ளங்கையளவு தொலைபேசி வழியாக எஹலியகொடைப் பகுதியின் றப்பர்த் தோட்ட லயங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. 2025 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி வெளியான ‘மகாவதார் நரசிம்மா’ என்னும் அனிமேஷன் படத்தையே நாம் குறிப்பிடுகின்றோம்.

அஸ்வின் குமார் இயக்கிய இப்படத்தைக் கிளீம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது, ‘கே.ஜி.எஃப்.’, ‘காந்தாரா’ ஆகிய படங்களாற் பெரும் பொருளீட்டிய ஹோம்பாலே பிலிம்ஸ் வழங்கியது. 2024 நவம்பரிற் கோவாவில் நடைபெற்ற இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பட்டது. திரையரங்குக்கு வந்த முதல்நாளில் இந்தியாவில் இரண்டு கோடி ரூபாவைத்தானும் எட்டாத வசூல், வாய்மொழிப் புகழால் நாளுக்குநாள் பெருகி, 300 கோடி இந்திய ரூபாவைக் கடந்ததென வணிக ஏடுகள் கணித்தன. இந்திய அனிமேஷன் படமெதுவும் அதற்குமுன் அத்தொகையை நெருங்கியதில்லை. இது தனியொரு படமுமன்று. பரசுராமன், இராமன், கண்ணன், கல்கி என அவதாரங்களை வரிசைப்படுத்தி, இரண்டாண்டுக்கு ஒன்றாக 2037 வரை ஏழு படங்கள் வருமென 2025 ஜூனிலேயே அறிவித்துவிட்டனர். 2008 இல் ‘அயன் மேன்’ படத்தோடு அமெரிக்க மார்வெல் நிறுவனம் தொடங்கிய ‘பிரபஞ்சம்’ என்னும் வாணிப முறையின் நேர்நகல் இது. தசாவதாரம் இப்போது சூப்பர்ஹீரோ வரிசையாகிவிட்டது.

இதுகுறித்து இருவகைக் குரல்கள் கேட்கின்றன. ‘அந்நியரின் வௌவால் மனிதனையும் சிலந்தி மனிதனையும் பார்த்துக் கெட்ட எம் பிள்ளைகளுக்கு, எம்முடைய வீரன் கிடைத்துவிட்டான், இனிப் பண்பாடு பிழைத்தது’ என்று உவகை கொள்வோர் ஒரு சாரார். அவர்களுக்கு இப்படம் கலையன்று, வழிபாடு. இந்தியத் திரையரங்குகளிற் செருப்பைக் கழற்றிவைத்துப் பார்த்தோர் பற்றியும், படம் ஓடும்போதே பஜனை பாடியோர் பற்றியும் செய்திகள் வந்தன. மறுசாரார் எம்மவர், முற்போக்கு அணியைச் சேர்ந்தோர். ‘புராணக் குப்பை, பார்க்கவும் தேவையில்லை, பேசவும் தேவையில்லை’ என்பது இவர்தம் தீர்ப்பு. முன்னவர் கண்ணை மூடிக் கும்பிடுகின்றனர். பின்னவர் கண்ணை மூடி வெறுக்கின்றனர். இரு சாராருக்கும் பொதுவானது மூடிய கண்.

மக்கள் விரும்பும் ஒன்றை மக்கள் ஏன் விரும்புகின்றனர் என ஆராயாதவன் மக்கள் கலைஞனுமல்லன், மக்கள் ஆசிரியனுமல்லன். எனவே இப்படத்தின் நிறையை முதலிற் கூறுவோம். பகையானாலும் நிறுத்துப் பேசுவதே திறனாய்வு.

முதலாவது, அனிமேஷன் என்றால் அது ஹொலிவூட்டின் பிறப்புரிமை என்ற மயக்கத்தை இப்படம் தகர்த்திருக்கின்றது. அங்கு ஒரு படத்துக்குக் கொட்டும் பணத்தின் சிறு பங்கைக்கொண்டு, நட்சத்திர நடிகரின் முகம் ஒன்றுமின்றி, முதற்பட இயக்குநர் ஒருவர் பல இலட்சம் மக்களை அரங்குக்கு அழைத்தார். முகத்துக்கு விலைபேசும் எம்மவர் சினிமாவில் இது சிறிய செய்தியன்று. இறுதி அரைமணி நேரம் சித்திரமும் ஒலியும் ஒன்றையொன்று உந்திச் செல்லும் வேகத்தை, மனச்சாட்சியுள்ள எவரும் மறுக்கவியலாது.

இரண்டாவது, இக்கதையின் நாயகன் ஒரு சிறுவன். கையில் ஆயுதமில்லாச் சிறுவன். சூப்பர்ஹீரோ என்போன் முட்டியை மடக்குபவன். பிரகலாதனோ வாயைத் திறப்பவன். யானைக்காலில் இடப்படுகின்றான், நஞ்சூட்டப்படுகின்றான், மலையினின்று உருட்டப்படுகின்றான், தீயில் இருத்தப்படுகின்றான். சொன்ன சொல்லை மட்டும் மாற்ற மறுக்கின்றான். அடிப்பதன்று வீரம், அடிபணியாமையே வீரம் என்ற கருத்து இக்கதையின் அடியில் ஓடுகின்றது. இப்படம் அதைக் கெடுக்க எவ்வளவோ முயன்றும் முற்றாகக் கெடுக்க முடியவில்லை. பிள்ளைகளின் உள்ளத்தைத் தொட்டது எதுவெனக் கேட்டால், சிங்கத்தின் நகத்துக்கு முன்பாக இச்சிறுவனின் கண்களையே நாம் கூறுவோம்.

மூன்றாவது, எமது பகுதிக்கே உரிய ஒரு நன்மை. சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறங்களில் உயர்தர வகுப்புவரை தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் போதா. அதனாற் சிங்களமொழிப் பாடசாலைக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அப்பிள்ளைகள் வீட்டுப் பேச்சுக்கு அப்பாற்பட்ட செவ்விய தமிழை இரண்டுமணி நேரம் தொடர்ச்சியாகக் கேட்கும் வாய்ப்பு அரிது. தமிழ்க் குரலோடு வந்த இப்படம், அது சொல்லும் கருத்து எதுவாயினும், அவ்வாய்ப்பை வழங்கியது. எங்கள் கல்வித்துறை செய்யவேண்டியதை ஒரு வாணிபப் படம் தற்செயலாகச் செய்தது. இது படத்துக்குப் பெருமையோ இல்லையோ, எமக்கு வெட்கம்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

சித்திரத் தொழிலின் குறைகள் வெளிப்படையானவை. முற்பாதியில் மாந்தர்தம் முகங்கள் மரப்பாவை முகங்களாயிருக்கின்றன. உதடு அசைகின்றது, கண் அசைவதில்லை. வராகம் பொருதும் பகுதி கணினி விளையாட்டின் ஒரு கட்டம்போலக் கடந்து செல்கின்றது. ஆயினும் இவை அனுபவத்தால் திருந்தக்கூடியன. இவற்றைப் பெரிதுபடுத்தி மேனாட்டு அளவுகோலால் அடிப்பது எமது நோக்கமன்று. திருந்தாக் குறைகள் வேறு.

படம் எவ்வாறு தொடங்குகின்றது? அந்திவேளையில், வேளையல்லா வேளையில், திதி தன் கணவர் காசியபரை நாடுகின்றாள். அக்குற்றத்தின் பயனாகப் பிறக்கும் பிள்ளைகள் அசுரராகின்றனர். பாகவதத்தில் உள்ளதைத்தானே காட்டினர் என்பர். உள்ளதெல்லாம் காட்டத்தக்கதாயின் தெரிவு என்னும் செயல் எதற்கு? தீமை எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு, தாயின் ஆசையிலிருந்தும் பிறந்த நேரத்திலிருந்தும் வருகின்றது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படம் விடை கூறுகின்றது. செங்கோல் கொடுங்கோலாவது ஏன், பலர் உழைக்க ஒருவன் பொன்மாளிகையில் இருப்பது ஏன் என்பனவற்றை அது கேட்கவே இல்லை. அசுரர் படையில் ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர். ஒருவனுக்கும் பெயரில்லை, வீடில்லை, அழுவதற்கு ஒரு தாயில்லை.

வேடிக்கை யாதெனின், இக்கொள்கையை இக்கதையே மறுக்கின்றது. பிரகலாதன் யார்? இரணியனின் மகன், குலத்தால் அசுரன். பிறப்பே குணமாயின் அவன் எவ்வாறு அவனானான்? கருவிலிருந்தபோதே நாரதரிடம் கேட்டறிந்தான் என்று புராணம் விடை கூறுகின்றது. அதாவது கேள்வியால், கல்வியால் ஆனான். பிறப்பைக் கல்வி வென்ற கதையை, பிறப்பே விதி என்று தொடங்கிக் காட்டும் முரண்பாடு படத்தை ஆக்கியோருக்குத் தோன்றவில்லை. பிறப்பைக்கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தையே புறத்தே நிறுத்திய 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் வடுவைச் சுமக்கும் எமக்கு அது தோன்றாமலிருக்க முடியாது.

அடுத்த குறை இதனினும் பெரிது. பிரகலாதனின் போராட்டம் எங்கு தொடங்குகின்றது? போர்க்களத்திலன்று, பள்ளிக்கூடத்தில். அரசன் பெயரையே தெய்வத்தின் பெயராக ஓதுக என்பது ஆசிரியர் மூலம் வரும் ஆணை. ஓதேன் என்பது மாணவனின் மறுப்பு. அதுமட்டுமன்று, தான் மறுப்பதோடு நில்லாது, ஆசிரியர் இல்லாத நேரத்தில் அசுரச் சிறுவர்களைக் கூட்டி அவர்களுக்கும் எடுத்துரைக்கின்றான் என்பது பாகவதத்தின் ஏழாம் கந்தம். ஒரு வகுப்பறை அதிகாரத்துக்கு எதிராகத் திரும்பும் கதை இது! இதைவிட எழுச்சியூட்டும் பொருள் ஒரு கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் படத்தின் உயிரும் உழைப்பும் குவிந்திருப்பது இறுதிச் சண்டையிலேதான். சிறுவன் கைகூப்பி ஒதுங்குகின்றான். சிங்கம் வந்து முடித்துவைக்கின்றது. அரங்கை விட்டுச் செல்லும் பிள்ளை ‘நானும் மறுப்பேன்’ என்று எழுவதில்லை. ‘யாரோ வருவார்’ என்று காத்திருக்கக் கற்றுக்கொள்கின்றது. 2037 வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கின்றது!

காத்திருக்கச் செய்தலே இவ்வாணிபத்தின் மூலதனம். ஒரு படத்தில் அநீதி முற்றாக ஒழிந்துவிட்டால் மறுபடத்துக்கு நுழைவுச்சீட்டு விற்பதெங்ஙனம்? ஆதலால் அநீதி மீண்டும் மீண்டும் பிறக்கவேண்டும். வீரன் மீண்டும் மீண்டும் அவதரிக்கவேண்டும். முன்னோர் யுகத்துக்கு ஓர் அவதாரம் வைத்தனர். முதலாளிகள் ஈராண்டுக்கு ஒன்று வைத்துள்ளனர். பக்தியைத் தவணைமுறையில் விற்கும் கடை இது.

சூப்பர்ஹீரோ என்னும் இவ்வுருவத்தின் வரலாற்றைச் சற்றே நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும். 1938 இல் அமெரிக்காவின் ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ இதழில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதார வீழ்ச்சியின் இருளில் வளர்ந்தோர். ஆகவே அவர்களின் சூப்பர்மேன் தொடக்கத்தில் வேற்றுலகப் பூதங்களோடு போரிடவில்லை. அவ்வாண்டின் மூன்றாம் இதழிலேயே, பாதுகாப்பற்ற சுரங்கமொன்றின் உரிமையாளனையும் அவனது விருந்துக்கு வந்த செல்வர்களையும் அச்சுரங்கத்துள்ளேயே அடைபடச் செய்து, தொழிலாளியின் மூச்சுத்திணறல் எத்தகையது என அவர்கள் உணரச் செய்கின்றான். இரத்தினக்கல் குழிகளின் ஓரத்தில் வாழும் எமது மாவட்டத்து மக்களுக்கு இக்கதையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அந்த வீரனுக்கு என்ன நேர்ந்தது? அவனைப் படைத்தோர் 130 டொலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டனர். நிறுவனம் கோடிகளை ஈட்டிற்று. படைத்தோர் வறுமையில் உழன்றனர். பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 1975 இல், ஊரறிந்த அவமானத்துக்கு அஞ்சியே நிறுவனம் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகை வழங்க இணங்கியது. இதற்கிடையிற் சூப்பர்மேனும் திருந்திவிட்டான்! சுரங்க முதலாளியைப் பிடித்தவன் வங்கிக் கொள்ளையரைப் பிடிக்கும் காவற்காரனானான். சொத்துடையோருக்கு எதிராகப் பிறந்தவன் சொத்தின் காவலனாகி, தானே ஒரு சொத்துமானான். ‘மகாவதார் நரசிம்மா’ வெளியான அதே 2025 ஜூலையில் அவனும் மீண்டும் ஒரு புதிய படத்தில் ‘அவதரித்தான்’ என்பதை இங்கு நினைவூட்டுவோம். இரு வீரரும் ஒரே சந்தையின் இரு கடைகள்.

சித்திரத்தை அசையச் செய்யும் கைகளைப் பற்றியும் இங்குப் பேசவேண்டும். சூப்பர்மேனை 1941 இல் முதன்முதலாக அசைவுச் சித்திரமாக்கிய பிளைஷர் நிறுவனத்தில், அதற்கு நான்காண்டு முன்னர், 1937 இல், ஓவியத் தொழிலாளர் மே முதல் ஒக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தனர். வோல்ட் டிஸ்னியின் தொழிலாளர் 1941 இல் வேலைநிறுத்தம் செய்தனர். அண்மைக்கால உதாரணம் வேண்டுமாயின், தமிழிலும் குரல்மாற்றி வெளியிடப்பட்ட 2023 ஆம் ஆண்டுச் சிலந்தி மனிதன் அனிமேஷன் படத்தை நோக்குக. அப்படத்தின் கலைஞர் சிலர் ஓராண்டுக்கு மேலாக, வாரத்தின் ஏழு நாளும், நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க நேர்ந்ததென்றும், ஏறத்தாழ நூறு பேர் படம் முடியுமுன்பே விலகிச் சென்றனரென்றும் அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க ஏடொன்று செய்தி வெளியிட்டது. திரையில் உலகைக் காப்பவன், திரைக்குப் பின்னே தன்னை வரைந்தவனின் ஞாயிற்றுக்கிழமையைக் காக்கவில்லை. மழை பெய்தாற் பால்வெட்டில்லை, நிறை குறைந்தால் அரைப் பேர் என்று வாழ்வோருக்கு இச்செய்தி அந்நியமானதன்று. அவதாரப் படங்களின் இறுதியில் விரைந்தோடும் பெயர்ப்பட்டியலையும் எமது மாணவர் நின்று வாசிக்கப் பழகவேண்டும். நரசிம்மத்தின் ஒவ்வொரு மயிரையும் அசைத்தது தெய்வமன்று, தொழிலாளி.

‘புராணத்தை விமர்சிப்பது மரபுக்கு விரோதம்’ என்று குறுக்கிடும் அன்பர்களுக்கு ஒரு சொல். எந்த மரபைக் கூறுகின்றீர்கள்? வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் யுத்த காண்டத்திற் புகுத்தினான். அரங்கேற்றத்தின்போது அதற்கு எதிர்ப்பெழுந்ததென்றே மரபுக்கதை கூறுகின்றது. அப்படலத்தை யார் யாருக்குச் சொல்வதாகக் கம்பன் அமைத்தான்? இலங்கை அரசவையில் வீடணன் இராவணனுக்குச் சொல்வதாக அமைத்தான். அதிகாரத்தின் செவிக்கு எதிரே நின்று சொல்லப்படும் எச்சரிக்கையாகவே இரணியன் கதை தமிழில் உருவம் பெற்றது. கதையை மாற்றுவதும், ஆளுவோனை நோக்கித் திருப்புவதும் எமது மரபின் நடுவீதி, மரபுவிரோதமல்ல.

தஞ்சைப் பகுதியின் லாவணியில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என மறுகட்சியும் விடியுமட்டும் வாதிட்டனர். தெய்வக் கதையோடு வாதிடுவதே அங்குக் கலையாயிற்று. தமிழகத்திலிருந்து எம்முன்னோர் சுமந்துவந்த காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் மாசிதோறும் ஆடப்பட்டபோது, பார்ப்போன் வேறு ஆடுவோன் வேறு என்றிருக்கவில்லை. பகலிற் கொழுந்தெடுத்தவரும் பால்வெட்டியவரும் இரவில் ரதியும் மதனும் வீரபத்திரனுமாயினர், தப்பிசைத்தவனும் தோட்டத்தவனே. கூத்தில் மக்கள் தெய்வமாக ஆடினர். இப்படத்தில் தெய்வத்தின் முன் மக்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். இதுவே இரண்டுக்குமுள்ள வேற்றுமை. புராணம் ஒன்றே, உற்பத்தி உறவு வேறு.

இக்கதையைப் புரட்டிப்போட்டவர்களும் எம்மிடையே உண்டு. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934 இல் சுயமரியாதை இயக்க மேடையில் ஏறியது. பின்னர் அரசின் தடைக்கும் உள்ளாயிற்று. இரணியனை நாயகனாகவும் அவனைக் கொன்றோரைச் சூழ்ச்சிக்காரராகவும் காட்டிய அந்நாடகத்தின் துணிவைப் போற்றுவோம். ஆயின் அதுவும் அரியணையை அரியணையிலேயே விட்டது. கெட்டவனை நல்லவனாக்கி, நல்லவனைக் கெட்டவனாக்கியதன்றி, அரசனுக்குக் கீழே உழைத்தோர் யாரெனக் கேட்கவில்லை. இனத்தைக் கண்ட கண் வர்க்கத்தைக் காணவில்லை.

அதைக் கண்டவர்கள் இந்நாட்டில் இருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் கூத்தை மீட்டெடுத்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். அவ்வழி வந்த சி. மௌனகுரு 1969 இல் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் அப்படியே கொண்டு ‘சங்காரம்’ நாடகத்தைப் படைத்தார். அங்கும் அரக்கர் உண்டு, சங்காரமும் உண்டு. ஆனால் அரக்கராக வந்தவை சாதியும் இனபேதமும் வர்க்கபேதமும். சங்கரித்தது வானிலிருந்து இறங்கிய ஒருவனல்லன், உழைக்கும் மக்களின் சக்தி. 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் கூத்துருவில் ஆடியபோது, முருகனே தாழ்த்தப்பட்டோர் பக்கம் நிற்கவேண்டியதாயிற்று. பழைய வடிவத்தின் மறுமலர்ச்சி என்றால் இதுவன்றோ மறுமலர்ச்சி! பழைய குடத்திற் புதிய நீர். இப்படமோ புதிய குடத்திற் பழைய நீர். குடம் பளபளக்கின்றது என்பதற்காக நீரைப் பருகிவிட முடியுமா?

வீரன் என்ற சொல்லையும் நாம் மீட்டெடுக்க வேண்டியிருக்கின்றது. பேராசிரியர் க. கைலாசபதி, 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த தமது ஆங்கில நூலில், சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தார். அப்பாடல்களில் வேந்தரின் வீரத்தைப் பரிசிலுக்காகப் பாணர் பாடினர் என்பது மெய். ஆயின் அதே இலக்கியத்தில் நடுகல்லும் நிற்கின்றது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவன் வேந்தனல்லன், அவ்வூரான். பறக்கத் தெரியாதவன், அம்பு பட்டால் இறப்பவன். இறக்கக்கூடியவன் ஊருக்காக முன்செல்வதே வீரம். சாகாவரம் பெற்றவனின் வீரத்தில் என்ன இருக்கின்றது? சாவே இல்லாதவனுக்குத் துணிவு தேவையில்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்திற் பொலிஸ் குண்டுக்கு இரையான கோவிந்தனை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அவரைப் பற்றிய அனிமேஷன் படம் இல்லை. 2037 வரையான பட்டியலிலும் இல்லை. 2024 செப்டெம்பரிற் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1350 ரூபாவாக உயர்த்தியபோது, அதன் பின்னே இருந்தவை வேலைநிறுத்தமும் ஊர்வலமும் மெதுவேலைப் போராட்டமுமான நெடிய ஆண்டுகளே. அதற்காக எந்தத் தூணும் தானாகப் பிளக்கவில்லை. 2025 நவம்பரிற் டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மண்சரிந்த மலைச்சரிவுகளில் மண்வெட்டியோடும் வெறுங்கையோடும் முதலில் நின்றவர் அயலவரே. அவர்கள் தமிழருமாயிருந்தனர், சிங்களவருமாயிருந்தனர், முஸ்லிம்களுமாயிருந்தனர். ஒருவரும் முகமூடி அணிந்திருக்கவில்லை.

‘பிள்ளைகளின் பொழுதுபோக்கில் அரசியலைத் திணிக்கின்றீர்கள்’ எனச் சிலர் சினக்கக்கூடும். நாம் திணிக்கவில்லை, உள்ளதை வெளியே எடுக்கின்றோம். தீமை பிறப்பால் வருவது என்பது அரசியல். விடுதலை மேலிருந்து வருவது என்பது அரசியல். கேள்வி கேளாது கும்பிடு என்பது அரசியலினும் அரசியல். இவற்றை வண்ணம் பூசிக் கொடுப்பவன் கலைஞன், வண்ணத்தைச் சுரண்டிப் பார்ப்பவன் கட்சிக்காரன் என்பது எந்த நியாயம்? பக்தியுடைய பெற்றோரை நாம் பழிக்கவுமில்லை. நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவ வசதி தொலைவிலும், மாரியம்மன் கோயில் அண்மையிலும் இருக்கும் லயத்தில், கோயிலுக்குப் போகாதே என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. அந்நம்பிக்கையைக் காசாக்குவோரையே நாம் பழிக்கின்றோம்.

பின் என்ன செய்வது? தடைசெய்க என்று கூறோம். தடை சோம்பேறியின் ஆயுதம். ஆசிரிய நண்பர்களே, இப்படத்தை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள். கம்பனின் படலத்தையும் பாரதிதாசனின் நாடகத்தையும் அதன் இருபுறமும் வையுங்கள். பின்னர் வினாக்களை எழுப்புங்கள். இரணியன் கொடியவன் ஆனது பிறந்த வேளையாலா, வரம்பற்ற அதிகாரத்தாலா? பள்ளி ஆசிரியர் அரசனின் ஆணைக்குப் பணிந்தது சரியா? அசுர நாட்டின் குடிகள் என்ன எண்ணினர், அவர்களின் குரல் ஏன் கேட்கவில்லை? இரணியன் மாண்டபின் அரியணையில் அமர்ந்தவன் யார், குடிகளின் வரி குறைந்ததா? இவ்வினாக்களுக்குப் பதினைந்து வயது மாணவர் எழுதும் விடைகளில், படத்தை எடுத்தோர் கனவிலும் காணாத பிரகலாதர் பலர் வெளிப்படுவர். எம்முடைய கலைஞரும் இளம் ஓவியரும் ஒன்றை உணரவேண்டும். கணினியும் மென்பொருளும் இன்று ஹொலிவூட்டுக்கு மட்டும் உரியனவல்ல என்பதை இப்படமே மெய்ப்பித்துவிட்டது. அக்கருவி முல்லோயாவையும் வரையும், காமன் கூத்தையும் வரையும், வரைவோர் இருந்தால்.

இறுதியாக அந்தத் தூணைப் பற்றி ஒரு சொல். கதையில் தூணை அடிப்பவன் யார்? பிரகலாதனல்லன், இரணியனே. தன் மாளிகைத் தூணைத் தன் கையாலேயே அடிக்கின்றான். அடித்த இடத்திலிருந்தே அவன் முடிவு புறப்படுகின்றது. ஒடுக்குவோனின் ஒவ்வோர் அடியும் தன்னை ஒழிக்கும் ஆற்றலைத் தானே எழுப்புகின்றது என்னும் வரலாற்று விதியை, அறிந்தோ அறியாமலோ, இக்கதையை வளர்த்த மக்கள் சொல்லிவைத்தனர். அவன் முடிவு நேர்ந்த இடம் எது? உள்ளுமல்ல, புறமுமல்ல, வாசற்படி. எம்மக்களுக்கு வாசற்படியின் பொருள் தெரியும். 1948 இல் இந்நாட்டுக்கு உள்ளுமல்லர் ஆக்கப்பட்டோம். 1964 இன் ஒப்பந்தத்தில் அங்கே 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர் என்று எம்மைக் கேளாமலே பங்கு பிரிக்கப்பட்டோம். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வாசற்படியில் நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகள் நாம்.

வரங்களாலும் சட்டங்களாலும் தன்னைச் சுற்றி அரண் கட்டிய அதிகாரம், வாசற்படியில் நிற்போரை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிடுகின்றது. இப்படம் அவ்வாசற்படிக்கு ஒரு சிங்கத்தை அனுப்புகின்றது. அங்கே ஏற்கெனவே மக்கள் நிற்கின்றனர் என்பதை எம் மாணவருக்குக் காட்டுவதே நமது வேலை.